வேலைநிறுத்தத்திற்கு நாள் குறிக்க விடாத சட்டம்

வேலைநிறுத்த உரிமையை யாரும் பறிக்கவில்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றுதான் சட்டம் கேட்கிறது: ஒன்றிய அரசும் அதன் ஊதுகுழல்களும் திரும்பத் திரும்ப முன்வைக்கும் வாதத்தின் சாரம் இதுதான். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. நம் தொழிற்சங்கத் தோழர்களிலும் சிலர் இதைக் கேட்டுச் சற்றுத் தயங்குகிறார்கள். பதினான்கு நாள் முன்னறிவிப்புத்தானே, கொடுத்துவிட்டுப் போராடினால் என்ன என்று வினவுகிறார்கள். இந்தக் கேள்விக்கு முழக்கத்தால் பதில் சொல்ல இயலாது. சட்டத்தின் பிரிவுகளை எடுத்து, நாள்காட்டியை அருகில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக மோடி அரசு அறிவித்தது. 29 சட்டங்கள் அழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் நான்கு தொகுப்புகள் அமர்த்தப்பட்டன. இவற்றுள் தொழிலுறவுத் தொகுப்பு உள்ளிட்ட மூன்றும் 2020 செப்டம்பரில், பெருந்தொற்றுக் காலத்தில், எதிர்க்கட்சிகள் புறக்கணித்து வெளியேறியிருந்த அவைகளில் நிறைவேற்றப்பட்டவை. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் அமரும் இந்தியத் தொழிலாளர் மாநாடு 2015க்குப் பிறகு கூட்டப்படவே இல்லை. தொழிலாளர்களைக் கேட்காமல் எழுதி, அவர்களின் பிரதிநிதிகள் இல்லாத நேரத்தில் நிறைவேற்றி, ஐந்தாண்டு காத்திருந்து அமலாக்கிய சட்டத்தைத்தான் ‘சீர்திருத்தம்’ என்கிறார்கள்.

தொழிலுறவுத் தொகுப்பின் 62ஆம் பிரிவுக்கு வருவோம். அரியானாவின் ஃபரிதாபாத்தில் 400 பேர் வேலை செய்யும் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊதிய உயர்வு ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது. நிர்வாகம் பேச மறுக்கிறது. சங்கம் மார்ச் 1 அன்று வேலைநிறுத்த முன்னறிவிப்பை அளிக்கிறது. முன்னறிவிப்பு கொடுத்த பதினான்கு நாட்களுக்குள் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. ஆகவே மார்ச் 16ஐ நாளாகக் குறிக்கிறார்கள். மார்ச் 12 அன்று சமரச அதிகாரி இரு தரப்பையும் அழைக்கிறார். அவர் அழைத்தே தீரவேண்டும் என்பது சட்டம். முதல் கூட்டம் நடந்த அந்த நாளிலேயே சமரச நடவடிக்கை தொடங்கிவிட்டதாகக் கொள்ளப்படும். சமரசம் நிலுவையில் இருக்கும்போது வேலைநிறுத்தம் கூடாது. குறித்த மார்ச் 16 கடந்துபோகிறது. அதிகாரி பதினான்கு நாட்களில், அதாவது மார்ச் 26 அன்று, தன் அறிக்கையைத் தருகிறார்: உடன்பாடு ஏற்படவில்லை. சமரசம் முடிந்த பிறகும் ஏழு நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். ஏப்ரல் 2 வரை அதுவும் தடைக்காலம்.

அந்த ஏழு நாட்களுக்குள் ஒரு நாள், மார்ச் 30 என்று கொள்வோம், நிர்வாகத்தின் வழக்கறிஞர் தொழில் தீர்ப்பாயத்தில் ஒரு மனுவைத் தாக்கல் செய்கிறார். அவ்வளவுதான். தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் உள்ள காலம் முழுவதும், அது முடிந்த பிறகு மேலும் 60 நாட்களும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். வழக்கு ஓராண்டு நடக்குமா, ஆறாண்டு நடக்குமா என்பதைத் தொழிலாளி தீர்மானிக்க முடியாது. தீர்ப்பு வந்துவிட்டால், அத்தீர்ப்பு நடைமுறையில் இருக்கும் காலம் முழுவதும் அதில் அடங்கிய பொருள்கள் குறித்து வேலைநிறுத்தம் செய்ய மீண்டும் தடை. அந்த மார்ச் மாதத்தில் தொடங்கி எண்ணிக்கொண்டே போங்கள். சட்டப்படி வேலைநிறுத்தம் செய்யத்தக்க ஒரே ஒரு நாளைக்கூட அந்த 400 பேரால் கண்டுபிடிக்க முடியாது. நிர்வாகம் மனுப்போட மறந்தால் மட்டுமே ஒரு சிறு இடைவெளி கிடைக்கும். உரிமையின் சாவியை எதிராளியின் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பூட்டவே இல்லை என்று சாதிக்கிறார்கள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். நம் மேடைகளில் சிலர், 60 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று சட்டம் கூறுவதாகப் பேசுகிறார்கள். அது பிழை. வேலைநிறுத்தத்திற்கு முந்தைய 60 நாட்களுக்குள் முன்னறிவிப்பு கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே அந்த வாசகத்தின் பொருள். அதாவது 60 நாள் கடந்தால் முன்னறிவிப்பு செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். உண்மை நாம் சொல்லும் பிழையைவிடக் கொடியது. எனவே பிழையாகச் சொல்லி எதிரிக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

முன்பிருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமும் தொழிலாளிக்குப் பரிவு காட்டிய சட்டமன்று. ஆயினும் அது இரண்டு வேறுபாடுகளைக் காத்தது. ரயில்வே, மின்சாரம், குடிநீர் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே கட்டாய முன்னறிவிப்பு இருந்தது. சாதாரணத் தொழிற்சாலைக்கு இல்லை. சாதாரணத் தொழிற்சாலையில் சமரச அதிகாரி பேச்சு நடத்திக்கொண்டிருப்பது மட்டுமே வேலைநிறுத்தத்தைத் தடுத்துவிடவும் இல்லை. மேலும், ஊதிய உயர்வு போன்ற கூட்டுக் கோரிக்கை மீதான தகராறைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்பும் அதிகாரம் அரசிடம் இருந்தது. அரசை நெருக்க நமக்குத் தெருவும் சட்டமன்றமும் இருந்தன. இன்று முதலாளி தன்னந்தனியாக மனுப்போட்டுத் தடையை வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தீர்ப்பாயத்திலோ இருவரில் ஒருவர் நிர்வாகத் துறையிலிருந்து வருபவர். பிஸ்கட் கம்பெனியும் பனியன் கம்பெனியும் இன்றைக்கு ரயில்வேயைப்போல் ‘அத்தியாவசியம்’ ஆகிவிட்டன. உழைப்பவர் அத்தியாவசியமானவர் என்பது அவர் வேலையை நிறுத்தும்போது மட்டுமே அரசுக்கு நினைவுக்கு வருகிறது.

இதைத் தாண்டிச் செல்ல ஊழியர்கள் கண்டறிந்திருந்த ஒரு வழி ஒட்டுமொத்தத் தற்செயல் விடுப்பு. புதிய தொகுப்பு அதையும் அடைத்துவிட்டது. ஒரே நாளில் 50 விழுக்காட்டினரோ அதற்கு மேலோ சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே என்று வரையறை விரிக்கப்பட்டிருக்கிறது.

மீறினால் என்ன? பழைய சட்டத்தில் சட்டவிரோத வேலைநிறுத்தத்திற்கு ஒரு மாதச் சிறை அல்லது 50 ரூபாய் வரை அபராதம். இப்போது சிறை அப்படியே இருக்க, அபராதம் 1,000 ரூபாயில் தொடங்கி 10,000 வரை. தூண்டியவருக்கும் நிதியுதவி செய்தவருக்கும் 10,000 முதல் 50,000 வரை. பக்கத்து ஆலைச் சங்கம் உண்டியல் குலுக்கி அரிசி வாங்கிக் கொடுத்தால், அவர்கள்மீதும் இந்தப் பிரிவு பாயும். இத்துடன், ஊதியத் தொகுப்பின்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் முன்னறிவிப்பும் தக்க காரணமும் இன்றிச் சேர்ந்து வேலைக்கு வராதிருந்தால் எட்டு நாள் ஊதியம் வரை பிடிக்கலாம். யாவற்றிலும் பெரிய அபாயம் வேறிடத்தில் இருக்கிறது: சட்டத்தொகுப்பின் விதிகளை மீறியதாகத் தகவல் வந்தால் சங்கத்தின் பதிவையே ரத்துசெய்யப் பதிவாளருக்கு அதிகாரம் தரப்பட்டுள்ளது. சட்டவிரோதமாகத்தான் வேலைநிறுத்தம் செய்ய முடியும் என்ற நிலையை முதலில் உண்டாக்கி, பிறகு சட்டத்தை மீறினாய் என்று சங்கத்தைக் கலைப்பது. இவ்விரண்டு பிரிவுகளையும் தனித்தனியே வாசிப்பவர்க்கு இத்திட்டம் புலப்படாது.

இந்தத் தந்திரம் புதிதன்று. 1929ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் பொதுப் பயன்பாட்டுச் சேவையில் உள்ளோருக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது; அரசை நெருக்கும் நோக்குடன் நடக்கும் பொது வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதமாக்கியது. பம்பாய்ப் பஞ்சாலைகளிலும் ரயில்வேயிலும் 1928இல் எழுந்த போராட்ட அலைக்கு வெள்ளை அரசு அளித்த மறுமொழி அது. 1929 மார்ச் 20 அன்று தொழிற்சங்கத் தலைவர்களும் கம்யூனிஸ்டுகளும் மீரத் சதி வழக்கில் கைதானார்கள். ஏப்ரல் 8 அன்று அந்த மசோதா மத்திய சட்டமன்றத்தில் நிறைவேறிய வேளையில்தான் பகத்சிங்கும் படுகேஸ்வர் தத்தும் யாரையும் கொல்லாத குண்டுகளை அவையில் வீசினார்கள். ஆண்டுதோறும் பகத்சிங் சிலைக்கு மாலை போடும் ஆட்சியாளர்கள், அவர் எந்த மசோதாவை எதிர்த்து அந்த அவைக்குள் நுழைந்தார் என்பதை மறந்தும் சொல்வதில்லை. ரயிலுக்கும் தபாலுக்கும் வெள்ளைக்காரன் விதித்த பதினான்கு நாளை, 96 ஆண்டுகள் கழித்து நாட்டின் எல்லாத் தொழிற்கூடங்களுக்கும் விதித்தவர்கள் இவர்கள்.

அதற்குப் பிந்திய இன்னோர் அத்தியாயம் நம் தோழர்களுக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். 1938இல் பம்பாய் மாகாணக் காங்கிரஸ் அமைச்சரவை தொழில் தகராறுகள் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. சமரச நடைமுறை முடியும் வரை வேலைநிறுத்தம் கூடாது, மீறினால் தண்டனை என்பதே அதன் மையம். இன்றைய 62ஆம் பிரிவின் பாட்டன் அது. சட்டமன்றத்தில் அதை எதிர்த்துப் பேசிய அம்பேத்கர் முன்வைத்த வாதம் இன்றும் கூர் மழுங்காதது: வேலைக்கு வராமலிருப்பது ஒப்பந்த மீறல் மட்டுமே, உரிமையியல் வழக்குக்குரியது, அதைக் குற்றமாக்கித் தண்டிப்பது ஒரு மனிதனை அவன் விருப்பத்திற்கு மாறாக உழைக்கக் கட்டாயப்படுத்துவதாகும், அது அடிமைத்தனமே. வேலைநிறுத்த உரிமையைச் சுதந்திரத்திற்கான உரிமையின் மறுபெயராக அவர் கண்டார். 1938 நவம்பர் 7 அன்று அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகள் தலைமையிலான சங்கங்களும் சேர்ந்து பம்பாயில் ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தின. அரசமைப்புச் சட்டத்தின் தந்தை என்று அம்பேத்கருக்குப் பொன்னாடை போர்த்துவோர், அந்தத் தந்தை வேலைநிறுத்தக் களத்தில் நின்றவர் என்பதை மட்டும் படத்திலிருந்து வெட்டி எறிகிறார்கள்.

நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் நமக்குத் துணைநின்றது அரிது. சங்கம் அமைக்கும் உரிமை 19(1)(சி) பிரிவில் அடிப்படை உரிமையாக இருந்தாலும், வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அதற்குள் அடங்காது என 1961இல் அகில இந்திய வங்கி ஊழியர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கூடலாம், பேசலாம், சந்தா கட்டலாம். எதற்காகக் கூடினோமோ அதைச் செய்வதற்கு மட்டும் அரசமைப்பின் காவல் கிடையாது. நடுவில் 1989இல் பி.ஆர்.சிங் வழக்கில், அடிப்படை உரிமையாக இல்லாவிடினும் கூட்டுபேர ஆற்றலுக்கு வேலைநிறுத்தம் இன்றியமையாத கருவி என்று அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் உண்டு. ஆனால் 2003 ஆகஸ்ட் 6 அன்று வந்த டி.கே.ரங்கராஜன் வழக்குத் தீர்ப்பு அந்தச் சிறு வெளிச்சத்தையும் அணைத்தது. தமிழ்நாட்டில் ஜெயலலிதா அரசு டெஸ்மா சட்டத்தை ஏவி, சுமார் 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்திருந்தது. நள்ளிரவுக் கைதுகள் நடந்தன. அதை எதிர்த்து வந்த வழக்கில், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று இரு நீதிபதிகள் எழுதினார்கள். சட்ட உரிமை உண்டா என்பதை ஆராய்வது நீதிமன்றத்தின் வேலை. தார்மீகத்தைப் பற்றித் தீர்ப்பெழுத அவர்களை யார் கேட்டது?

அந்தக் கதை தீர்ப்போடு முடியவில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. அணி தோற்றது, முடிவு வந்த சில நாட்களிலேயே ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளை அதே முதலமைச்சர் திரும்பப் பெற்றார். உச்ச நீதிமன்றம் ‘இல்லை’ என்று எழுதிய உரிமையை வாக்குப்பெட்டி வழியாக மக்கள் வேறுவிதமாகப் படித்தார்கள்.

எஸ்மா வகைச் சட்டங்களைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அவற்றின் முகமூடி மெல்லியது. 1968 செப்டம்பர் 19 அன்று தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியம் கேட்டு மத்திய அரசு ஊழியர்கள் நடத்திய ஒருநாள் வேலைநிறுத்தத்தை உடைக்க வந்த அவசரச் சட்டமே பின்னர் சட்டமாக்கப்பட்டது. 1974 மே 8 அன்று தொடங்கி 20 நாட்கள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது, பேச்சுவார்த்தை முடியும் முன்பே, மே 2 அன்று ஜார்ஜ் பெர்னாண்டஸ் கைது செய்யப்பட்டார்; குடியிருப்புகளில் புகுந்து குடும்பங்களை வெளியேற்றினார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். 2021இல் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாக உடைத்தபோது, ஊழியர்கள் எதிர்க்கக்கூடாது என்பதற்காகவே அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் சட்டம் வந்தது. வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டுச் சிறை, தூண்டினால் ஈராண்டு. ஜபல்பூரிலிருந்து அரவங்காடு வரை, ஆவடியிலிருந்து இச்சாப்பூர் வரை அச்சட்டத்தின் நிழலில்தான் கம்பெனிமயம் நடந்தது. அப்போது ஆட்சியில் இருந்தது பா.ஜ.க. கொடிகளின் நிறம் வேறு, கைவிலங்கு ஒன்று.

சட்டத்தின் ஆதரவாளர்கள் ‘சமநிலை’ என்றொரு வாதத்தை வைக்கிறார்கள். தொழிலாளியின் வேலைநிறுத்தத்திற்கு உள்ள கட்டுப்பாடுகளே முதலாளியின் கதவடைப்புக்கும் உண்டு, அபராதம்கூட முதலாளிக்கு 50,000 முதல் ஒரு லட்சம் வரை என்று பெருமையாகச் சுட்டுகிறார்கள். முதலாளிக்குக் கதவடைப்பு எதற்கு? 300 பேருக்குக் குறைவான தொழிற்சாலையில் லே-ஆஃப், ஆட்குறைப்பு, மூடல் எதற்கும் அரசின் முன் அனுமதி வேண்டியதில்லை என்று அதே தொகுப்பு வழங்கியிருக்கிறது. முன்பு அந்த வரம்பு 100. நிலையாணைகளும் 300 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான். குறித்த கால ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுத்தவரை ஒப்பந்தம் முடிந்த நாளில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் போதும், பணிநீக்கம் என்ற சொல்லே எழாது. முதலாளியின் கையில் பத்து ஆயுதங்கள். அவற்றில் அவன் பயன்படுத்தாத ஒன்றுக்கு உறை போட்டுவிட்டு, தொழிலாளியிடம் இருக்கும் ஒரே ஆயுதத்தைப் பிடுங்கிக்கொள்வதற்குச் சமநிலை என்று பெயர்.

பொதுமக்களுக்கு இடையூறு என்ற வாதம் இதைவிட மதிக்கத்தக்கது, அதைத் தட்டிக்கழிக்கலாகாது. மருத்துவமனையில் மின்சாரம் போனால் உயிர் போகும் என்பது உண்மை. அதனால்தான் பொறுப்புள்ள சங்கங்கள் அவசரப் பணிகளுக்கு விலக்களித்தே போராடுகின்றன. ஆனால் மக்களின் இடையூறு குறித்து இவ்வளவு கவலைப்படும் அரசு, அதே மின்வாரியத்தைத் தனியாருக்குக் கைமாற்றும்போது மக்களைக் கேட்பதில்லை. சண்டிகரில் 2022 பிப்ரவரியில் மின் ஊழியர்கள் தனியார்மயத்தை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள்; எஸ்மா ஏவப்பட்டது. உத்தரப்பிரதேசத்தில் 2023 மார்ச்சில் நடந்த வேலைநிறுத்தத்திலும் எஸ்மா வந்தது, உயர் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையும் வந்தது. இரு இடத்திலும் ஊழியர்கள் எழுப்பிய கேள்வி ஒன்றே: இந்தச் சொத்து யாருடையது?

சட்டத்தின் இந்தச் சுவர்களுக்கு வெளியே இன்னொரு பெருங்கூட்டம் நிற்கிறது. ஆண்டுதோறும் நடத்தப்படும் தொழில்துறைக் கணக்கெடுப்பின்படி, பதிவுபெற்ற தொழிற்சாலைகளின் தொழிலாளர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. 62ஆம் பிரிவை அவர்கள்மீது பிரயோகிக்க வேண்டிய அவசியமே முதலாளிக்கு இல்லை. கான்ட்ராக்டருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். சங்கச் சுதந்திரம் அவர்களுக்கு உறுப்பினர் அட்டை வாங்கும் இடத்திலேயே முடிந்துபோகிறது. நிரந்தரத் தொழிலாளிக்கும் அது எளிதாகக் கிடைப்பதில்லை. அரியானாவின் மானேசரில் மாருதி தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் வேண்டும் என்பதற்காகவே 2011 ஜூனில் 13 நாட்கள் ஆலைக்குள் அமர்ந்தார்கள். அந்த ஆகஸ்டில் ‘நன்னடத்தைப் பத்திரத்தில்’ கையெழுத்திட்டால்தான் உள்ளே விடுவோம் என்றது நிர்வாகம். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வெளியே நின்றார்கள். சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக்கூடாது என்பது அங்கே எழுப்பப்பட்ட ஆட்சேபம். உயர் நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரி 27 அன்றுதான் சி.ஐ.டி.யு. சார்ந்த அந்தச் சங்கம் பதிவானது. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வந்து நூறாண்டை நெருங்கிய பிறகு, ஒரு பதிவுச் சான்றிதழுக்காக இவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது.

உலக அரங்கில் இந்திய அரசு என்ன சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 1919இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு தோன்றியபோதே இந்தியா அதன் உறுப்பினர். ஆனால் சங்கச் சுதந்திரத்தைப் பற்றிய 87ஆம் உடன்படிக்கையையும் கூட்டுபேர உரிமை பற்றிய 98ஆம் உடன்படிக்கையையும் இன்றுவரை ஏற்று உறுதிசெய்யவில்லை. வேலைநிறுத்த உரிமையைப் பெயர் சொல்லி அங்கீகரிக்கும் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் 1979இல் இணைந்தபோதும், சங்க உரிமை சார்ந்த 8ஆம் பிரிவை நம் அரசமைப்பின் 19ஆம் பிரிவுக்கு உட்பட்டே பொருள்கொள்வோம் என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டே இணைந்தது. 19ஆம் பிரிவில் வேலைநிறுத்தம் இல்லை என்று 1961லேயே தீர்ப்பு வாங்கி வைத்திருந்தார்கள் என்பதை மேலே கண்டோம்.

2025 ஜூலை 9 அன்று நாடு தழுவிய பொது வேலைநிறுத்தத்தில் கோடிக்கணக்கானோர் பங்கேற்றனர். ஆர்.எஸ்.எஸ். சார்ந்த பி.எம்.எஸ். விலகி நின்றது. அந்த ஒற்றுமை பெரும் சாதனை. ஆனால் ஒருநாள் பொது வேலைநிறுத்தமும், தனி ஆலையில் காலவரையற்ற வேலைநிறுத்தமும் ஒன்றல்ல என்பதை நாம் நமக்குள் பேசியாக வேண்டும். பொது வேலைநிறுத்த நாளில் நாடே உடனிருக்கிறது. தனி ஆலையில் சங்கம் தனியாக இருக்கிறது. புதிய தொகுப்பு குறிவைத்திருப்பது அந்தத் தனிமையைத்தான். சட்டம் விதிக்கும் சுற்றுப்பாதைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் நான்கு முன்னறிவிப்புகளுக்குப் பிறகு உறுப்பினர்கள் நம்பிக்கை இழப்பார்கள். சட்டத்தைப் பொருட்படுத்தாமல் குதித்தாலோ பதிவு போகும், நிதி போகும், முன்னணித் தோழர்கள் வேலை இழப்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒவ்வோர் ஆலைக்கும் வேறு வேறு விடை இருக்கும். ஒரு தொழிற்பேட்டையின் பல சங்கங்கள் ஒரே கோரிக்கைப் பட்டியலுடன் ஒரே வாரத்தில் முன்னறிவிப்பு கொடுக்குமானால், ஒவ்வொரு நிர்வாகமும் தனித்தனியே தீர்ப்பாயத்திற்கு ஓடுவது இன்றைய அளவுக்கு மலிவாக இராது. இது ஒரு யோசனை மட்டுமே. மாவட்டக் குழுக்கள் விவாதிக்கட்டும்.

மாநில அரசுகள் இயற்ற வேண்டிய விதிகள் இன்னொரு களம். முன்னறிவிப்பை யார் யாருக்கு, எந்தப் படிவத்தில், எவர் கையெழுத்துடன் அனுப்புவது என்பன போன்ற சின்னஞ்சிறு விதிகளில்தான் முன்னறிவிப்பைச் செல்லாததாக்கும் பொறிகள் ஒளிந்திருக்கும். வரைவு விதிகள் வெளியாகும்போது ஆட்சேபம் அனுப்புவதை வழக்கறிஞர் தோழர்களின் வேலையென விட்டுவிடாமல் கிளைகளே செய்ய வேண்டும். ஒவ்வொரு சங்கக் கிளையும் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, 62ஆம் பிரிவைத் தமிழில் உரக்கப் படித்து, தன் ஆலையின் ஒப்பந்தம் முடியும் தேதியை வைத்துக்கொண்டு மேலே போட்ட கணக்கைத் தானே போட்டுப் பார்க்கட்டும். அந்தக் கூட்டத்திற்குக் கேன்டீனிலும் பேக்கிங் பிரிவிலும் உள்ள ஒப்பந்தத் தொழிலாளர்களையும் அழைக்க வேண்டும். அவர்கள் ஷிப்ட் முடிந்து வரும் நேரம் பார்த்தே கூட்டத்தின் நேரத்தைக் குறிக்க வேண்டும்.